ரசனைக் கங்காணியும் பாதிப் படமும்

அட்டை கடித்தால் உப்பு வைக்கலாம், புகையிலை வைக்கலாம், சுருண்டு விழுந்துவிடும். "எனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு இருக்கு, உக்காருங்க, போட்டுக் காட்டுறேன்" என்று ஒருவர் உங்கள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டால் அதற்கு எதை வைப்பது? இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. மனுஷரில் இப்படி ஒரு ரகம் ஊருக்கு ஊர் உண்டு. ஏலக்காட்டில் ஆட்களுக்குப் பின்னால் நின்று 'இதைப் பறி, அதை விடு' என்று மேய்க்கிறவருக்குக் கங்காணி என்று பெயர். இவர் அடுத்தவன் கண்ணுக்கும் காதுக்கும் பின்னால் நின்று மேய்க்கிறவர். ஆகவே ரசனைக் கங்காணி என்று வைத்துக்கொள்வோம். யாரும் இவரை வேலைக்கு வைக்கவில்லை. ஆனாலும் ஒரு நாள் லீவு எடுக்க மாட்டார்.

போடிநாயக்கனூரில் இந்த ரகத்துக்கு ஜக்கையன் என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கும்; ஆள் ஒன்றுதான். ஏலக்காய் மண்டி ஒன்றில் காய் ரகம் பிரிக்கிற பெண்களுக்கு இவர் மேலாள். பச்சையாய்ப் பெருத்தது முதல் ரகம், வெளுத்தது இரண்டாம் ரகம், வெடித்ததும் வண்டு துளைத்ததும் கழிவு. பகல் முழுக்க இதே சோலியாய் இருக்கிற மனுஷன், பொழுது சாய்ந்து கையைக் கழுவும்போது அந்தப் புத்தியையும் சேர்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தால் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. கழுவவில்லை. பாட்டு, படம், கூத்து, நகராட்சிப் பூங்காவில் கம்பத்தில் கட்டிய ரேடியோக் குழாய், திருவிழாவில் வாசிக்கிற நாயனம், டீக்கடையில் சுழலுகிற கிராமபோன் தட்டு, எது காதில் விழுந்தாலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு நசுக்கு நசுக்கி, முதல் ரகம் என்பார், கழிவு என்பார். முதல் ரகமெல்லாம் அவருக்குப் பிடித்தது. கழிவெல்லாம் உங்களுக்குப் பிடித்தது.

"உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும்?" என்று ரொம்ப மரியாதையாகத்தான் கேட்பார். ஏமாந்து சொல்லிவிடக் கூடாது. சொன்னீர்களோ, வெற்றிலைச் சாற்றை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிற வைத்தியர் மாதிரி உங்களைப் பார்ப்பார்.

"அதையா கேக்குறீக? பாவம். காது பழகலை. வீட்டுக்கு வாங்க."

வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டி இருக்கிறது. பதினெட்டுத் தட்டு. அதில் ஒன்று கீறல் விழுந்தது, ஆனால் கீறலோடு கேட்டால்தான் நன்றாயிருக்கும் என்பது அவர் கட்சி. சாவியைச் சுற்றி, ஊசியை மாற்றி, தட்டை வேட்டி நுனியால் துடைத்து வைத்துவிட்டு அவர் பாட்டைக் கேட்பார் என்று நினைக்கிறீர்களா? உங்கள் மூஞ்சியைப் பார்ப்பார். பாட்டு முடிகிற வரைக்கும் மூஞ்சியைத்தான் பார்ப்பார்.

"இப்ப வரும் பாருங்க, அந்த இடம்."

வரும்.

"வந்துச்சா?"

வந்தது என்கிறீர்கள்.

"இல்லை. நீங்க கேக்கலை. கேட்டிருந்தா மூஞ்சி இப்படி இருக்காது."

ஊசியைத் தூக்கிப் பின்னுக்கு வைப்பார். அந்த இடம் மறுபடி வரும்; வரும்போது அதன் தலையில் "இந்த இடந்தான், இந்த இடந்தான்" என்று இவர் ஏறி உட்கார்ந்திருப்பார். ஐந்தாறு வருஷமாக அந்தத் தட்டை ஊரில் பாதிப் பேர் கேட்டாயிற்று. அந்த இடத்தில் பாடகர் என்னதான் பாடினார் என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

கல்யாண வீட்டில் மைக்செட்டுக்காரன் வீரணன் இவர் தலை தெரிந்தாலே பெட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தை வைத்து இடத்தை அடைத்துவிடுவான். குடத்தை நகர்த்திவிட்டு உட்காருவார். அதுவாவது கல்யாண வீடு. ராக்கையாவின் தாயார் இறந்த வீட்டில், பெண்கள் வட்டமாய்க் கட்டிக்கொண்டு மாரடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், இவர் வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுப் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "மூணாவதா உக்காந்திருக்கிறது முதல் ரகம். அந்த ஓரத்துல இருக்கிறது இழுக்கத் தெரியாம இழுக்குது."

ஓரத்தில் இருந்தது செத்தவருடைய மகள்.

பிடித்ததை நாலு பேருக்குச் சொல்வது தப்பா என்று கேட்பீர்கள். யார் தப்பு என்றது? வாழைப்பழம் தருகிறவர் கையில் கொடுப்பார். இவர் உரித்து, உங்கள் வாயில் திணித்து, தாடையைப் பிடித்து அசைத்து, "இனிக்குதா? இல்லை, இன்னும் இனிக்கணும்" என்பார். அதுதான் வித்தியாசம். இந்த ஆளிடம் அன்னக்கொடி மாட்டிய கதையைக் கேளுங்கள்.

அன்னக்கொடி இவருடைய அக்கா மகள். குரங்கணிக்கு மேலே, ஏறினால் அரை நாள் ஆகிற ஒரு ஏலக்காட்டில் அவளுக்கும் புருஷன் கன்னையனுக்கும் வேலை. ஆட்கள் குடியிருக்கிற லயத்தில் வரிசையாய் ஒன்பது வீடு. அந்த ஒன்பது வீட்டுப் பெண்களுக்கும் சினிமா என்றால் உயிர். ஆனால் படம் ஓடுவது கீழே போடியில். ஒன்பது பேரும் ஒன்றாய் இறங்கினால் எஸ்டேட்டில் காய் எடுப்பது யார்? அதனால் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருத்தி முறை வைத்து இறங்க வேண்டும். அவள் பிள்ளையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவள் எடுக்க வேண்டிய காயையும் பங்கு போட்டு எடுத்துக் கொடுப்பார்கள். அதற்குப் பதில், அவள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, சாயங்காலம் அடுப்பு மூட்டின பிறகு, ஆதியிலிருந்து அந்தம் வரை பாட்டோடு சொல்ல வேண்டும். அழ வேண்டிய இடத்தில் அழுது காட்ட வேண்டும். ஒரு படத்தை வைத்து மூன்று மாதம் ஓட்ட வேண்டுமே, சும்மாவா? இதில் ஒரே ஒரு சட்டம். எவளாவது பாதியை மறந்துவிட்டு வந்தால் அடுத்த சுற்றில் அவளுக்கு முறை கிடையாது. ஒரு சுற்று என்பது இரண்டே கால் வருஷம். சுப்புத்தாய் ஒரு தடவை நடுவில் தூங்கிவிட்டு வந்து, இப்போது நாலாவது வருஷமாகக் கதை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரண்டே கால் வருஷம் காத்திருந்து அன்னக்கொடிக்கு முறை வந்தது. இரண்டு வயசுப் பிள்ளையைப் அடுத்த வீட்டுப் பேச்சியிடம் விட்டுவிட்டுப் புருஷனோடு விடியலில் இறங்கினாள்.

"எதையும் விட்டுறாதடி. அவ என்ன சேலை கட்டியிருந்தான்னுகூடச் சொல்லணும்" என்று சொல்லி அனுப்பினாள் பேச்சி.

மத்தியானம் போடிக்கு வந்து சேர்ந்தபோது டூரிங் கொட்டகை மாட்டு வண்டி மேளம் அடித்துக்கொண்டு தெருவில் போனது. உப்பளத்துப் படம். கைக்குழந்தையோடு ஒருத்தி உப்புக் குவியலுக்கு முன்னால் நிற்கிற போஸ்டர். அதன்மேல் குறுக்கே ஒட்டின தாளைக் கன்னையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "இன்றே கடைசி."

"நல்ல வேளை, தப்பிச்சோம்" என்றாள் அன்னக்கொடி. எங்கே தப்பித்தாள்? இரவு தங்குவதற்கு மாமா வீட்டைத் தவிர வேறு போக்கிடம் இல்லையே.

"என்னத்தா, எந்தப் படத்துக்கு வந்தே?" என்று கேட்டார் ஜக்கையன், மண்டியிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தவர்.

"உப்பளத்துப் படம் மாமா."

"அதுவா." இரண்டு விரலும் நசுக்கின. "பாதி முதல் ரகம். பாதி கழிவு."

"எந்தப் பாதி மாமா?"

"நீ எதுக்குக் கவலைப்படுறே? நானே கூட்டிட்டுப் போறேன். எம்புட்டுப் பாக்கணுமோ அம்புட்டுக் காட்டுறேன். அதுக்கு முன்னாடி காதைச் சுத்தம் பண்ணணும். மலையில கிடந்து என்னத்தைக் கேட்டிருப்பே, குரங்குச் சத்தம். உக்காரு."

அன்றைக்கு அவர் மண்டிக்குத் திரும்பவில்லை. பதினெட்டுத் தட்டும் ஓடின. கீறல் தட்டு மூன்று முறை ஓடியது. அரை நாள் மலை இறங்கின களைப்பில் கன்னையன் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனான். தலை முன்னால் விழுவதும் நிமிர்வதுமாக இருந்தது.

"பாத்தியா, மாப்ளைக்கு ரசனை இருக்கு. எப்படி எடம் பாத்துத் தலையை ஆட்டுறாரு. நீதான் மரம் மாதிரி உக்காந்திருக்கே."

அன்னக்கொடி பாட்டைக் கேட்கவில்லை. வெளியே வெயில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் அம்மிக்கல்லைத் தாண்டியதும் எழுந்தாள். "மாமா, டிக்கெட்டு கிடைக்காமப் போயிரும்."

கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவில் இடுப்பளவு மண்சுவர். ஒற்றை மெஷின் வைத்த கொட்டகை ஆகையால் படச்சுருள் மாற்றுவதற்கு மூன்று இடைவேளை. அன்னக்கொடி பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்கார்ந்தாள். விளக்கு அணைந்தது. வெள்ளை வெயிலில் உப்பளம் விரிந்தது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒருத்தி உப்பு வாருகிறாள். கடலுக்குப் போன அவள் புருஷன் திரும்பவில்லை. அன்னக்கொடி ஒவ்வொன்றையும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். சேலை கண்டாங்கி. மூக்குத்தி ஒற்றைக் கல். குழந்தைக்கு இடுப்பில் வெள்ளி அரைஞாண்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அன்னக்கொடி, அடுத்தாப்பல வர்ற பாட்டை விட்டுறாதே."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப சிரிப்பு நடிகன் ஒருத்தன் வருவான். அவனைப் பாக்காதே. கழிவு."

பக்கத்தில் இருந்தவள் அன்னக்கொடியைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு தாயி அது, உனக்கு வேண்டியவுகளா?"

"இல்லக்கா. யாரோ."

முதல் இடைவேளையில் பாட்டுப் புத்தகம் விற்கிறவன் வந்தான். சுவர் ஓரமாய்ப் போய்க் கன்னையனிடம் ஒன்று வாங்கித் தரச் சொல்லி மடியில் செருகிக்கொண்டாள். படம் மறுபடி ஓடியது. மழை, வெள்ளம், உப்பளம் கரைகிறது. தாய் குழந்தையை ஓடக்காரன் கையில் கொடுத்துவிட்டுத் தானும் ஏறக் காலை வைக்கிறாள். கயிறு அறுந்து ஓடம் போய்விடுகிறது. குழந்தை ஓடத்தில், தாய் இடுப்பளவுத் தண்ணீரில். பெண்கள் பக்கம் மூக்குறிஞ்சுகிற சத்தம். விளக்கு எரிந்தது. இரண்டாவது இடைவேளை.

"எந்திரி ஆத்தா. படம் முடிஞ்சது."

ஜக்கையன் சுவரின்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"இன்னும் இருக்கே மாமா."

"இருக்கும். இருக்கிறதையெல்லாம் பாக்கணும்னு சட்டமா? இதுக்கு மேல பாத்தா, பாத்ததும் கெட்டுப்போகும். எந்திரி."

"மாமா, பிள்ளை ஓடத்துல போயிருச்சு."

"போகட்டும். அந்த இடத்துல விட்டாத்தான் மனசுல நிக்கும். ரசனைன்னா அதுதான்."

அவள் புருஷனைத் தேடினாள். கன்னையனின் முழங்கை ஏற்கெனவே மாமாவின் பிடியில் இருந்தது. பெண் கொடுத்த வீட்டு ஆள், சோறு போட்ட ஆள், வயசில் மூத்தவர். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அன்னக்கொடி மணலை விட்டு அசையவில்லை. மாமா இன்னும் உரக்கக் கூப்பிட்டார். மொத்தக் கொட்டகையும் இவளைப் பார்த்தது.

"எந்திரிக்கிறதுன்னா வெரசா எந்திரி தாயி, அந்த ஆளு வாயை மூடட்டும்" என்றாள் பின்னால் ஒருத்தி.

வெட்கத்தில் எழுந்தாள். வாசலைத் தாண்டியதும் உள்ளே விளக்கு அணைந்தது. தட்டி இறங்கியது.

கொட்டகைத் துணி வழியே சத்தம் மட்டும் வந்தது. ஒரு பிள்ளை அழுகிறது. துடுப்பு போடுகிறார்கள். ஆம்பிளைக் குரலில் ஒரு பாட்டு எழும்புகிறது. அதையாவது கேட்கலாம் என்று காதைக் கொடுத்தால், மாமா அந்தப் பாட்டு ஏன் கழிவு என்று விளக்கிக்கொண்டே வந்தார். அவள் நாலடி பின்தங்கினாள்.

"என்னத்தா, கல்லு குத்திருச்சா?"

"ஆமா மாமா. குத்திருச்சு."

வீட்டில் அவருடைய மனைவி ஆயம்மாள் சோறு போட்டாள். அவர் கால் கழுவப் பின்பக்கம் போனதும் மெதுவாய்க் கேட்டாள். "எங்க எந்திரிச்சீக?"

"ரெண்டாவது இடைவேளையில அத்தை."

ஆயம்மாள் அகப்பையைச் சட்டியில் போட்டுவிட்டு முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். "போன வெள்ளிக்கிழமை இவரு பேசுன பேச்சுல, ஆம்பளைக பக்கம் இருந்தவுக நாலு பேரு கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கி வெளிய கொண்டாந்து வச்சுட்டுப் போயிட்டாக. அது ரெண்டாவது இடைவேளை. அன்னையிலருந்து அதுக்கு மேல படம் கழிவு."

"அப்ப மாமா மீதியைப் பாக்கவே இல்லையா?"

"அவரு எங்க பாத்தாரு. முத பாதியிலயே பக்கத்தாளு மூஞ்சியைத்தான் பாத்திருப்பாரு."

"நீங்க பாத்தீகளா அத்தை? பிள்ளை என்ன ஆச்சு?"

"என்னைப் படத்துக்குக் கூப்பிட்டு அஞ்சு வருசம் ஆச்சு. இவரு கூடன்னா வேணாம்னுட்டேன்."

அன்னக்கொடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எட்டுப் பெண்கள் தன் பங்குக் காயை எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். பிள்ளை பேச்சி மடியில் தூங்குமா என்று நினைத்தாள். இனி இரண்டே கால் வருஷமும் இல்லை, நாலரை வருஷம்.

காலையில் தெருவில் யாரிடமாவது மீதிக் கதையைக் கேட்டுக்கொள்ளலாம் என்றால், குரங்கணி ஜீப்பு கிளம்புகிற வரைக்கும் மாமா கூடவே நின்று, கீறல் தட்டைப் பற்றிப் பேசினார். ஜீப்பில் இவர்களோடு ஏறினது நாலு அரிசி மூட்டையும் ஒரு செவிட்டுக் கிழவரும்.

குரங்கணி தாண்டி ஏற்றத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தார்கள். அன்னக்கொடி மடியிலிருந்து பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். "கதைச் சுருக்கம் போட்டிருப்பாகல்ல. படிங்க."

கன்னையன் மூன்றாம் வகுப்பு. வெயில் பாறையின் பாதிக்கு வரும்வரை படித்தான். வெள்ளம் வந்தது, ஓடம் போனது. "தாயும் சேயும் மீண்டும் இணைந்தனரா? மீ... தி... யை..."

"மீதியை?"

"வெள்ளித்திரையில் காண்க."

கன்னையன் புத்தகத்தை மடித்தான்.

"காணத்தான் விடலையே உங்க மாமா" என்றான்.

"ஒங்க கையைப் பிடிச்சுத்தானே இழுத்துட்டுப் போனாரு? இழுத்தா போயிர்றதா?" என்றவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "சரி, பின்னாடி பாட்டு இருக்கும். நாம கேக்காத பாட்டு எத்தனை?"

மூன்று இருந்தன. ஒரு தாலாட்டு. ஒரு ஓடக்காரன் பாட்டு. தெருவில் உப்பு விற்றுக்கொண்டு போகிற பாட்டு. கன்னையன் ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிச் சொன்னான். அவள் ஏறிக்கொண்டே கேட்டாள். ஓர் ஊற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றாள். "தெருவுல உப்பு விக்கிறது யாரு? தாய்தான். உப்பளந்தான் கரைஞ்சுபோச்சே. பிள்ளையைத் தேடி ஊர் ஊராப் போறா. ஓடக்காரன் பிள்ளையை வளக்கிறான். அப்ப அந்தத் தாலாட்டு..."

"ஏய், படத்துல இல்லாததையா சொல்லப் போறே?"

"மாமா பாக்காததைக் கழிவுன்னு சொல்லலாம். நான் பாக்காததைச் சொல்லக் கூடாதா?"

கன்னையன் குனிந்தான். அட்டையைக் காலிலிருந்து தட்டிவிட்டு நடந்தான்.

அன்று சாயங்காலம் லயத்தில் எட்டுப் பெண்களும் கூடினார்கள். முதல் பாதியைப் பார்த்தபடியே சொன்னாள், சேலையும் மூக்குத்தியும் உட்பட. ஓடம் போன இடத்துக்கு வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இறங்கிவிட்டாள். பன்னிரண்டு வருஷம் அந்தத் தாய் உப்புக் கூடையோடு நடக்கிறாள். ஓர் ஆற்றங்கரையில் சின்னப் பெண் ஒருத்தி உப்பு வாங்க வருகிறாள். கையில் காசில்லை. பரவாயில்லை, நல்ல உப்பா என்று பார் என்று தாய் ஒரு கல்லை அவள் நாக்கில் வைக்கிறாள். அந்த உப்பு கரைந்ததும் அந்தப் பெண்ணின் வாயில், தனக்கே தெரியாமல், கைக்குழந்தையாய் இருந்தபோது தாய் பாடின தாலாட்டு வருகிறது.

"மதி, அன்னக்கொடி, மதி" என்றாள் மலையாள எல்லையில் பிறந்த பேச்சி. "போதும்டி, கொஞ்சம் நிறுத்து. மூக்கைச் சிந்திக்கிறேன்."

எல்லாரும் அழுதார்கள். கடைசி வீட்டுச் செல்லக்கிளியும் அழுதாள், ஆனால் அழுது முடித்துவிட்டு யோசித்தாள். "படத்துல இதெல்லாம் வருமா? கொஞ்சம் நம்ம வீட்டு உப்பு மாதிரி இருக்கே" என்றாள். அன்னக்கொடி அடுப்பில் விறகைத் தள்ளினாள். ஆனாலும் மறுநாளும் இதே கதைதான் வேண்டும் என்றார்கள். அடுத்த வாரமும். காய் எடுக்கும்போது உப்பு விற்கிற பாட்டு மெட்டுத் தெரியாமலே ஒரு மெட்டில் காட்டுக்குள் கேட்டது.

இரண்டு மாதம் போயிற்று. எஸ்டேட் காய் எப்படிக் காய்ந்திருக்கிறது என்று பார்த்துவரச் சொல்லி மண்டிக்காரர் ஆள் அனுப்பினார். வந்த ஆள் ஜக்கையன்.

பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அன்னக்கொடி தண்ணீர்ச் செம்போடு வந்தவள் அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை போதும். 'நாங்க ரெண்டாவது இடைவேளையிலயே எந்திரிச்சு வந்துட்டோமே' என்று மாமா சொல்லிவிட்டால் அவள் பொய்க்காரி. முறையும் போய்விடும், இனி அவள் சொல்லை யாரும் காதில் போட்டுக்கொள்ளவும் மாட்டார்கள்.

செல்லக்கிளிதான் கேட்டாள். "ஐயா, நீங்கதானே இவளைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனீக?"

"நாந்தான். பின்ன யாரு."

"கடைசியில தாயும் மகளும் சேந்தாகளா? உப்பை நாக்குல வச்சதும் தாலாட்டு வந்துச்சுன்னு இவ சொல்றா. அப்படியா வருது?"

ஜக்கையன் அன்னக்கொடியைப் பார்த்தார். அன்னக்கொடி செம்பைப் பார்த்தாள். அவருக்கு இரண்டு வழி இருந்தது. 'எனக்குத் தெரியாது' என்று சொல்லலாம். இரண்டே வார்த்தை. ரசனைக் கங்காணி ஒருவர் அதைச் சொல்லி யாராவது கேட்டதுண்டா? எட்டுப் பெண்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தலையை அறுத்து வைத்தாலும் அந்தத் தலை அதைச் சொல்லாது.

தொண்டையைச் செருமினார். இரண்டு விரலும் மெதுவாய்ச் சேர்ந்தன.

"அந்த இடம் இருக்கே. அதுதான் படத்துலயே முதல் ரகம். நாந்தான் இவளுக்கு எடுத்துக் காட்டினேன்."

பேச்சி செல்லக்கிளியைப் பார்த்து "கேட்டியா" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் அவர் நல்ல மனுஷராகிப் போயிருப்பார். விடுவாரா? "ஆனா ஒண்ணு. அன்னக்கொடி அந்தத் தாலாட்டை வெரசாப் பாடிக் காட்டியிருப்பா. படத்துல அப்படி இல்லை. இன்னும் நிதானமா வரும். மொதல்ல அந்தப் பிள்ளை கண்ணை மூடும். அப்புறந்தான் வாய் திறக்கும். அன்னைக்கே சொன்னேன் ஆத்தா, நீ கவனிக்கலை."

கன்னையன் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கிறவன் போலத் திரும்பிக்கொண்டான்.

அன்னக்கொடி செம்பை நீட்டினாள். "ஆமா மாமா. நிதானமாத்தான் வரும். நான்தான் கவனிக்கலை."

அன்று முதல் லயத்தில் தாலாட்டு நிதானமாகப் போனது. அன்னக்கொடியின் முறை நிலைத்தது. ஜக்கையன் கீழே இறங்கி, படம் போய் இரண்டு மாதமான ஊரில், உப்பளத்துப் படத்தின் பின்பாதிக்கு ஈடு உண்டா என்று வீடு வீடாய்ச் சொல்லத் தொடங்கினார். நாங்கள் பார்த்தோமே, அப்படி ஒரு இடம் வரவில்லையே என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். நீங்கள் கவனிக்கவில்லை என்று அவர்களுக்குச் சொன்னார். இரண்டாவது தடவை சொன்னபோது அவர்களுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது தடவை, ஆமாம், லேசாய் ஞாபகம் இருக்கிறது என்றார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் மாமன் மச்சான்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஒரு படத்தின் பேர் அடிபட்டது. "அதுவா, கழிவு" என்று சொல்லிவிட்டு அடுத்த வெற்றிலையை மடித்தீர்களே, அந்தப் படத்தை எந்த இடைவேளை வரைக்கும் பார்த்தீர்கள்? பதில் எனக்கு வேண்டாம். நீங்கள் கால் கழுவப் போகிற நேரமாய்ப் பார்த்து உங்கள் வீட்டு அம்மாளைக் கேட்டால் தெரிந்துபோகும்.